நாளைக்கு நிற்கப்போகிறவருக்கு ஒரு பக்கம்

பள்ளிக்கூடத்து விடுப்பு விண்ணப்பங்களில் 'எனது வகுப்புக்கு மாற்று ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது' என்றொரு வரி வரும். எழுதுகிறவரும் யோசிக்காமல் எழுதுவார், கையெழுத்துப் போடுகிறவரும் படிக்காமல் போடுவார். கோவைக்கு அருகே மலையில் உள்ள ஆனைகட்டியைச் சுற்றியுள்ள ஈராசிரியர் பள்ளிகளில் அந்த மாற்று ஏற்பாட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஓர் அறையில் ஒன்று முதல் மூன்று வரை, பக்கத்து அறையில் நான்கும் ஐந்தும். ஒரு டீச்சர் வரவில்லை என்றால் மற்றவர் நடுவாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருப்பார். ஏற்பாடு என்பது அந்த நாற்காலிதான்.

நான் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். வீடு கணுவாயில். தடாகம் தாண்டி, மாங்கரைச் சோதனைச்சாவடி தாண்டி மலையேறும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நோட்டுத் திருத்தியே என் வேலைக்காலம் போனது. ஓய்வுக்குப் பின்னும் விடவில்லை. மேலே ஒரு பள்ளியில் ஓர் ஆசிரியை மகப்பேறு விடுப்பில் போக, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாக்கள், "ஏனுங்க டீச்சர், ஊட்ல சும்மாதான இருக்கறீங்க, வந்து நின்னு குடுங்க" என்றார்கள். போய் நின்றேன். ஆக, வகுப்பை இன்னொருவரிடம் விட்டுப் போகிறவளாகவும் இருந்திருக்கிறேன், இன்னொருவர் விட்டுப் போன வகுப்புக்குள் நுழைகிறவளாகவும் இருந்திருக்கிறேன். பின்னதுதான் சிரமம்.

தமிழ்நாட்டில் 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு ஒன்பது மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமானது. நல்ல காரியம். நான் பிள்ளை பெற்ற காலத்தில் தொண்ணூறு நாள்தான். பால் கட்டிக்கொண்டு பஸ் ஏறியவர்கள் நாங்கள். அந்தப் பன்னிரண்டு மாதமும் வகுப்பில் யார் நிற்பது என்று கேட்டால் மலையில் கிடைக்கும் பதில், "கொஞ்சம் பார்த்துக்கங்க டீச்சர்" என்பதுதான். 2022ல் காலிப் பணியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாகத் தற்காலிகமாக நிரப்பிக்கொள்ள அரசு அனுமதித்தபோது, முதலில் அறிவித்த தொகை இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000. வழக்கும் வந்தது. வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் காசுக்குக் கோவையிலிருந்து தினமும் யார் மலையேறி வருவார்கள்? அங்கேயே பிறந்து, அங்கேயே படித்த பெண்ணாக இருந்தால் வருவாள். அந்தப் பெண்ணைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பதில் ஆளாக உள்ளே நுழைகிறவர் முதலில் தேடுவது பாடக்குறிப்பு நோட்டைத்தான். நானும் தேடினேன். அலமாரியில் பழைய நோட்டுகள் அடுக்காக இருந்தன. பழுப்பு அட்டை, லேபிள், பக்கத்துக்குப் பக்கம் தலைமையாசிரியர் கையொப்பம். அறிமுகம், படித்தல், மனவரைபடம், தொகுத்தலும் வழங்கலும், வலுவூட்டல், மதிப்பீடு, குறைதீர் கற்றல், தொடர்பணி என்று ஒரு கட்டம் விடாமல் நிரப்பியிருந்தார்கள். எழுதியவர் அக்கறையுள்ள ஆசிரியை என்பதில் சந்தேகமில்லை. 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு நாளுக்கு நாள் என்ன செயல்பாடு என்று ஆசிரியர் கையேட்டிலேயே அச்சடித்து வருகிறது, எழுதும் பாடு குறைந்தது. ஆனால் நோட்டைப் புரட்டினாலும் கையேட்டைப் புரட்டினாலும் எனக்கு வேண்டியது கிடைக்கவில்லை. ஒன்று பார்வைக்கு வரும் வட்டாரக் கல்வி அலுவலருக்காக எழுதியது. இன்னொன்று கன்னியாகுமரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் சேர்த்து எழுதியது. என் முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் கற்றல் நிலையில் யார் அரும்பு, யார் மொட்டு, யார் மலர் என்பதைச் சொல்ல அங்கே ஒரு காகிதம் இல்லை. அது விடுப்பில் போன ஆசிரியையின் தலைக்குள் இருந்தது. அவரோ அப்போது பிரசவ வார்டில் இருந்தார்.

அதனால் நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: ஒவ்வொரு வகுப்புக்கும், அந்த வகுப்பை அறியாத ஒருவருக்காக எழுதிய ஒரு பக்கம் வேண்டும். அதிகாரி படிப்பதற்காக எழுதும் பக்கம் இல்லை இது. காலை ஒன்பது மணிக்குப் படியேறி வந்து, ஒன்பதே காலுக்குப் பிள்ளைகள் முன்னால் நிற்க வேண்டிய ஒருத்திக்கு எழுதுவது. அத்தோடு, ஆசிரியரை வெளியே கூப்பிடும் எந்த அரசு உத்தரவும் அந்த ஒருத்தி யார் என்று பெயர் சொல்லாமல் வரக் கூடாது.

பக்கத்தில் என்ன எழுதுவது என்பதற்கு வருகிறேன். இங்கேதான் ஊருக்கு ஊர் மாறும்.

ஆனைகட்டியில் முதல் வரி பாடத்தைப் பற்றியதாக இருக்க முடியாது, யானையைப் பற்றியதாக இருக்க வேண்டும். தூமனூர், செம்புக்கரை, ஜம்புகண்டி, பனப்பள்ளி என்று பதிகள், அதாவது பழங்குடிக் குடியிருப்புகள், மலை மடிப்புகளில் சிதறிக் கிடக்கின்றன. எந்தப் பிள்ளை எந்தப் பதி, எந்தத் தடத்தில் நடந்து வருகிறது, யாரோடு திரும்பிப் போகிறது என்பது முதலில். யானை இறங்கியிருக்கிறது என்று வனத்துறை வாச்சர் சொன்னால், நீண்ட மணி அடித்தாலும் மேட்டுப் பிள்ளைகளை அனுப்பக் கூடாது என்பது அடுத்து. வாச்சரின் எண்ணும், அது கிடைக்காவிட்டால் பள்ளிக்கூடத்துப் பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணும். மலையில் சிக்னல் இருக்கும் இடம் எது என்றுகூட எழுத வேண்டியிருக்கிறது. நான் நின்ற பள்ளியில் அது சத்துணவுக் கூடத்தின் பின்புறத் திண்ணை.

இரண்டாவது உடம்பு. அட்டப்பாடியிலும் நீலகிரியிலும் இந்தப் பக்கத்து இருளர் பதிகளிலும் அரிவாள் செல் ரத்தசோகை உள்ள குடும்பங்கள் உண்டு. 2023ல் தேசிய அளவில் இதற்கென்று ஓர் இயக்கம் தொடங்கி, பரிசோதனை, அட்டை என்று வேலை நடக்கிறது. ஆனால் அட்டை பிள்ளையின் வீட்டில், ஓட்டுக் கூரை இடுக்கில் இருக்கும். வகுப்பில் இருப்பவருக்குத் தெரிய வேண்டியது மூன்று விஷயம். அந்தப் பிள்ளைக்கு அடிக்கடி தண்ணீர் கொடுக்க வேண்டும். வெயிலில் ஓடவிடக் கூடாது, மழையில் நனையவிடக் கூடாது. கை கால் வலிக்கிறது என்று சொன்னால் நடிப்பு என்று நினைக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. புதிதாக வந்த உற்சாகத்தில் விளையாட்டுப் பாடவேளையில் எல்லாரையும் மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்கிற இளைஞரை நான் பார்த்திருக்கிறேன். அவர் மேல் குற்றமில்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இதில் ஒரு சங்கடம் உண்டு. நோய் விவரத்தைச் சுவரில் ஒட்ட முடியாது. எந்தப் பிள்ளைக்கு என்ன நோய் என்பது ஊர் பார்க்கிற காகிதத்தில் இருக்கக் கூடாது. அதனால் அந்தப் பக்கம் வருகைப் பதிவேட்டின் உள்ளட்டையில் இருக்கட்டும். வருகைப் பதிவேட்டைத் திறக்காமல் யாரும் வகுப்பு எடுக்க முடியாது. இப்போது வருகை செல்போனில் போகிறது என்றாலும் நோட்டு இன்னும் சாகவில்லை.

மூன்றாவது, எந்தப் பிள்ளையை யாரிடம் அனுப்பலாம் என்பது. இதை விரித்து எழுத வேண்டாம். 'சித்தப்பா என்று சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் நான்காம் வகுப்புப் பெண் பிள்ளைகளைப் பாதியில் அனுப்ப வேண்டாம்' என்று எழுதினால் போதும், புரிகிறவருக்குப் புரியும்.

பிறகுதான் பாடம். இங்கே நான் கண்டிப்பானவள். பதிலுக்கு வருகிறவர் புதுப் பாடம் தொடங்கக் கூடாது. கணக்கில் கட்டாயமாகக் கூடாது. மூன்றாம் வகுப்பில் கழித்தலை எடுத்துக்கொள்ளுங்கள். 52லிருந்து 27 போக வேண்டும். நான் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்திருப்பேன். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. ஏழு எடுக்க முடியாது, ஆகவே ஒரு கட்டை அவிழ். இதை வாரக்கணக்காகச் செய்து பிள்ளைகள் கட்டை அவிழ்க்கப் பழகியிருக்கும்போது, ஒரு நாள் வந்தவர் "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்பார். அவர் படித்த விதம் அது, அவருக்கு விடை சரியாகவும் வரும். மறுநாள் நான் போனால் பாதிப் பிள்ளை குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு கடன் வாங்கப் பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கும். அதனால் குறிப்பில் 'கழித்தல் குச்சிக் கட்டைப் பிரித்துத்தான் நடக்கிறது, கடன் என்று சொல்ல வேண்டாம்' என்று எழுத வேண்டும். வகுப்பில் எதை எந்த வழியில் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பதற்கு இரண்டு வரி போதும். தமிழில் எழுத்து அறிமுகம் எந்த வரிசையில் போகிறது என்பதும் இப்படித்தான்.

வேறு என்ன செய்யலாம்? நிறைய. 2023ல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்தன. பள்ளிக் கல்வித் துறை சமீப காலத்தில் செய்த காரியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது. யார் 'நட', யார் 'ஓடு' என்று குறிப்பில் எழுதிவிட்டால், அந்தப் புத்தகங்களை வைத்து மத்தியானம் வரை யார் வேண்டுமானாலும் வகுப்பை நல்லபடியாக நடத்தலாம். பி.எட். கூட வேண்டாம், எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளையின் பக்கத்தில் அவசரப்படாமல் உட்காரும் பொறுமை இருந்தால் போதும். மத்தியானத்துக்கு மேல் படம் வரையலாம், காட்டில் பார்த்ததைப் பட்டியல் போடலாம். சீமாறுப் புல் அறுக்கும் காலத்தில் பிள்ளைகள் அம்மா அப்பாவோடு மலைக்குப் போய் வருவார்கள். ஒரு கட்டு எவ்வளவு கனம், ஒரு நாளில் எத்தனை கட்டு என்று அவர்கள் சொல்லச் சொல்ல நாம் எழுதிக்கொண்டால் அதுவே கணக்கு வகுப்பு. புதிதாக வந்தவருக்கு ஊர் தெரியாது என்பதே இங்கே வசதி. தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பதில் இந்தப் பிள்ளைகளுக்கு அவ்வளவு ஆசை.

ஆனால் முதல் மணி நேரத்தில் அப்படிப் பேச மாட்டார்கள். இதையும் எழுத வேண்டும்: 'கேள்வி கேட்டுப் பதில் வராவிட்டால் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சிலேட்டில் எழுதச் சொல்லுங்கள்.' வீட்டில் இருளர் மொழி, கடையில் தமிழ், பள்ளத்தைத் தாண்டினால் மலையாளம் என்று மூன்று மொழிகளுக்கு நடுவில் வளரும் பிள்ளை புது ஆளிடம் எந்த மொழியில் பேசுவது என்று முதலில் அளந்து பார்க்கும். அந்த மௌனத்தை மந்தம் என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனவர்கள் உண்டு.

எல்லா வகுப்பிலும் ஒரு பெரிய பையன் இருப்பான். வந்தவரிடம் ஓடி வந்து, "நாந்தானுங்க லீடர்" என்பான். அவனிடம் சாக்பீஸைக் கொடுக்காதீர்கள், சாவியைக் கொடுங்கள் என்று எழுதுங்கள். சாக்பீஸ் கொடுத்தால் பலகையில் பேசியவர்கள் பட்டியல் வந்துவிடும், அதில் அவன் எதிரிகள் மட்டும் இருப்பார்கள்.

பக்கத்தின் கீழ்ப்பாதியைக் காலியாக விட வேண்டும். அது வந்து போகிறவர் எழுதுவதற்கு. என்ன நடந்தது, யார் அழுதது, எந்தப் புத்தகம் எங்கே நின்றது, முட்டை எத்தனை பேருக்கு. திரும்பி வரும் ஆசிரியர் அதைப் படித்துவிட்டு வகுப்புக்குள் போனால் அந்த நாள் விட்ட இடத்தில் தொடரும். நம் பள்ளிகளில் ஆசிரியர் இல்லாத நாள் என்பது நடக்காத நாள். அதைப் பற்றி யாரும் யாரிடமும் கேட்பதில்லை.

இந்த யோசனை நமக்குப் புதிதும் இல்லை. ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ரிஷி வேலி பள்ளி தன்னைச் சுற்றியுள்ள கிராமங்களில் நடத்திய ஓராசிரியர் பள்ளிகளுக்காக ஏணியும் அட்டைகளும் உருவாக்கியது. ஒவ்வொரு பிள்ளையும் ஏணியில் தன் படியைத் தானே அறியும், அட்டையை எடுக்கும், வேலையைத் தொடரும். அங்கிருந்துதான் 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கும், 2007-08ல் தமிழ்நாடு முழுமைக்கும் செயல்வழிக் கற்றல் வந்தது. அதை நாங்கள் திட்டித் தீர்த்தோம். அட்டை கிழிந்தது, தட்டு உடைந்தது, அதிகாரிகள் அட்டை எண்ணிக்கையைத்தான் பார்த்தார்கள். திட்டியதில் நியாயம் இருந்தது. ஆனால் டீச்சர் இல்லாத நாளில் அந்த முறையைப் போல் ஓடிய முறை வேறு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வகுப்புக்குள் நுழைகிற எவரும் ஏணியைப் பார்த்தால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும். கொலம்பியாவில் 1970களில் விக்கி கோல்பெர்ட் முதலானோர் கிராமப்புறப் பள்ளிகளுக்காகத் தொடங்கிய 'எஸ்குவேலா நுவேவா' முறையிலும் பிள்ளைகள் கையிலேயே வழிகாட்டிப் புத்தகம் இருக்கும். பல வகுப்புக்கு ஒரே ஆசிரியர் உள்ள ஊர்களெல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து சேர்கின்றன: ஆசிரியர் ஒரு நாள் இல்லாவிட்டாலும் பிள்ளைக்குத் தன் வேலை தெரிந்திருக்க வேண்டும்.

பிள்ளையையே ஆசிரியராக்கிவிடலாமே என்று ஒரு குரல் எப்போதும் எழும். அதற்கும் நம் ஊர்தான் பிறப்பிடம். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789ல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை ஏற்றார். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் செய்யச் சொன்னார். சம்பள ஆசிரியர்கள் முகம் சுளிக்க, ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் அகரவரிசை வகுப்பை ஒப்படைத்தார். இந்த அனுபவத்தை 1797ல் லண்டனில் அறிக்கையாக அச்சிட்டார். அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்கப் பரவியது. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளைக்குக் கப்பல் டிக்கெட் கிடைத்தது அப்படித்தான். இங்கிலாந்தில் அதைக் கொண்டாடியவர்களுக்குப் பிடித்தது அதன் செலவுக் குறைவு. எனக்குப் பயம் தருவதும் அதுதான். நடுவாசல் நாற்காலி நாட்களில் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒன்றாம் வகுப்பைப் பார்த்துக்கொள்வதுண்டு. அழகாகச் செய்வாள், எல்லாரும் பாராட்டுவோம். அவளுடைய அன்றைய பாடம் போய்விட்டது என்பது பாராட்டில் மறைந்துவிடும். அரை மணி உதவி என்றால் சரி. அதை ஏற்பாடு என்று எழுதக் கூடாது.

ஆசிரியர்கள் ஏன் இத்தனை நாள் இல்லாமல் போகிறார்கள் என்று வாசகர் கேட்கலாம். ஊரில் சொல்லும் பதில், அரசு வாத்தியார் வர மாட்டார் என்பது. 2003ல் உலக வங்கி சார்பில் இந்தியா முழுக்கச் சொல்லாமல் போய்ப் பார்த்த ஆய்வு, நான்கில் ஓர் ஆசிரியர் பள்ளியில் இல்லை என்றது. அந்த எண் பிரபலமாகிவிட்டது. 2017ல் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை ஆறு மாநிலங்களில் 619 பள்ளிகளைப் பார்த்து, இல்லாதவர்களைக் காரணம் வாரியாகப் பிரித்தது. பள்ளியில் இல்லாதவர்கள் 18.5 சதவீதம். காரணமில்லாமல் வராதவர்கள் மொத்த ஆசிரியர்களில் 2.5 சதவீதம்தான். மற்றவர்கள் முறையான விடுப்பில் இருந்தார்கள், அல்லது அரசே பயிற்சிக்கும் அலுவலுக்கும் அனுப்பியிருந்தது. என் அனுபவமும் அதையே சொல்கிறது. குறுவளமையப் பயிற்சி, வாக்குச்சாவடி வேலை, விலையில்லாப் பொருள் எடுத்து வருவது, எமிஸ் தரவுத்தளத் திருத்தம், இன்னொரு பள்ளிக்கு மாற்றுப்பணி. வாட்ஸ்அப்பில் காலை ஏழரைக்குச் செய்தி வரும், பஸ் அப்போது மாங்கரையைத் தாண்டியிருக்கும்.

2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம், 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்கிறது. அதே சட்டத்தின் 25ஆம் பிரிவு, அந்த விகிதம் கெடாதிருக்க ஓர் ஆசிரியரை வேறு பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ அனுப்பக் கூடாது என்கிறது. 27ஆம் பிரிவு கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் மூன்றுக்கு மட்டும் விலக்கு தருகிறது. அப்படியென்றால் மாற்றுப்பணி என்று வாரக்கணக்கில் அனுப்புவது எந்தப் பிரிவில் வருகிறது? நூறு ஆசிரியர் உள்ள பள்ளியில் ஒருவர் போனால் ஒரு விழுக்காடு. இங்கே ஒருவர் போனால் பாதிப் பள்ளி.

கொடுங்கரைப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கேரளம். அங்கே எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. இடுக்கி உட்பட மலைமாவட்டங்களில் ஓராசிரியர் கற்றல் மையங்களை 2022ல் அந்த அரசு மூடியது. காட்டுக்குள் பல ஆண்டுகள் பாடம் சொன்னவர்களில் பலருக்குப் பள்ளிகளில் பகுதிநேரத் துப்புரவு வேலை கிடைத்தது. அதைச் செய்த மனது எந்த மனதோ. ஆனால் அதே அரசு 2017ல் 'கோத்ரபந்து' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. வயநாட்டிலும் அட்டப்பாடியிலும் பழங்குடிச் சமூகங்களிலிருந்தே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களைத் தேர்ந்து, பள்ளிகளில் துணை ஆசிரியராக வைத்தார்கள். வகுப்பாசிரியர் மாறலாம், இடம் மாறிப் போகலாம், அந்த அக்கா இருப்பாள். பிள்ளை எந்த மொழியில் முனகினாலும் அவளுக்குப் புரியும். பதில் ஆளுக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்?

நம் பக்கமும் ஆள் இருக்கிறது. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது மாதம் ஆயிரம் ரூபாய்க்குப் பதிகளில் மாலை வகுப்பு எடுத்த பெண்களை நான் அறிவேன். ப்ளஸ் டூ முடித்தவர்கள், கல்லூரி முடித்தவர்கள், ஆசிரியர் பட்டயப் படிப்பு முடித்துவிட்டுத் தகுதித் தேர்வுக்குக் காத்திருப்பவர்கள். முன்பு சொன்ன பெண் இவர்களில் ஒருத்திதான். நாலைந்து பள்ளிகளுக்கு ஒருத்தி என்று இவர்களை நிலையாக வைத்து, இல்லாத ஆசிரியருக்குப் பதில் அன்றைக்கு அங்கே அனுப்பலாம். யாரும் விடுப்பில் இல்லாத நாளில் வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளோடு உட்காரட்டும். நாள்கூலியாக இல்லாமல் மாதச் சம்பளமாகக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் வேலை கிடைக்கும் நாளை மட்டும் எண்ணிக் காத்திருப்பவர் திருப்பூருக்குப் போய்விடுவார்.

என் யோசனையை எதிர்ப்பவர்கள் என் வீட்டிலேயே உண்டு. தம்பி மகள் அமெரிக்காவில் பள்ளி ஆசிரியை. அங்கே பதில் ஆசிரியர் என்று தனி ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வகுப்புத் திட்டம் எழுதி வைப்பது விடுப்பு எடுப்பவரின் பொறுப்பு. "அத்தை, காய்ச்சலோட விடியக்காலைல எழுந்து உட்கார்ந்து பிளான் எழுதறதுக்கு ஸ்கூலுக்கே போயிரலாம்" என்றாள். உண்மைதான். விடுப்பைத் தண்டனையாக்கும் ஏற்பாடு வேண்டாம், அதுவும் பெண்கள் அதிகமுள்ள இந்த வேலையில் கூடவே கூடாது. அதனால்தான் இந்தப் பக்கத்தை ஜூன் மாதத்திலேயே எழுதி வைக்கச் சொல்கிறேன். யானையும் தண்ணீரும் சாவியும் வருஷம் முழுக்க மாறாது. மாறுவது யார் எந்தப் படியில் என்பது மட்டும். அதை மாதக் கடைசியில் பென்சிலால் திருத்தினால் போதும். காய்ச்சல் வரும் நாளில் எதுவும் எழுத வேண்டியதில்லை, படுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு பயம் எனக்கே உண்டு. இதைப் படிக்கும் யாராவது ஓர் உயரதிகாரிக்கு இது பிடித்துப்போய், 'பதில் ஆசிரியர் குறிப்புப் பதிவேடு' என்று ஒரு படிவம் அடித்து, வாரா வாரம் செயலியில் ஏற்றச் சொல்லிவிடலாம். அப்படி நடந்தால் நான் எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கையால் எழுதிய ஒரு பக்கம், பதிவேட்டின் உள்ளட்டை, அதற்கு மேல் வேண்டாம். வேண்டுமானால் பழைய பதிவேடு ஒன்றைக் குறைத்துக்கொள்ளட்டும். எதைக் குறைக்கலாம் என்று கேட்டால் ஒரு பட்டியலே தருவேன்.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டுப் பட்டியல் எடுப்பது 2026ல் என்றும், தலை எண்ணுவது 2027 பிப்ரவரியில் என்றும் அறிவித்திருக்கிறார்கள். ஆசிரியர்களைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும், சட்டம் அனுமதித்த வேலை, செம்புக்கரை வரை ஏறி எண்ண எங்களை விட்டால் யார்? ஆனால் அந்தப் பணி உத்தரவில் பெயர், பணியிடம், பணிக்காலம், பொறுப்பு அலுவலர் என்று இருக்கும் கட்டங்களோடு 'வகுப்பில் நிற்பவர்' என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். அது நிரம்பாத உத்தரவைத் தலைமையாசிரியர் திருப்பி அனுப்பலாம் என்று அடியில் ஒரு வரியும் வேண்டும். கட்டத்தைச் சேர்த்துவிடுவார்கள். அந்த வரிக்குத்தான் ஆசிரியர் சங்கங்கள் பேச வேண்டியிருக்கும். பழைய ஓய்வூதியத்துக்காகக் கத்திய தொண்டையில் இதற்கும் கொஞ்சம் மீதி இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.